மாஸ்டர் கை பட்ட பிரிட்ஜ்

பேஸ் கிட்டாரின் பிரிட்ஜ் கெட்டுப்போனால் சென்னைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப்பற்று இல்லாதவர்கள். விழுப்புரத்திலிருந்து சென்னை நூற்றறுபது கிலோமீட்டர். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பேருக்குப் பொறுமை தீர்ந்துவிடும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற நாற்பது கிலோமீட்டருக்குள் முடியாத வேலை ஒன்று உண்டென்றால் அது அந்த வேலையின் குறை. இதை எனக்கு விளங்கவைத்த மாஸ்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. பெயரைச் சொல்லப்போவதில்லை. விழுப்புரத்தில் கடை எந்தத் தெரு என்பதையும் சொல்ல மாட்டேன். சொன்னால் கூட்டம் கூடிவிடும். மனிதர் ஏற்கெனவே மிக்ஸி ரிப்பேரில் மூழ்கிக் கிடக்கிறார்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீணைக்குக் குதிரை எதுவோ கிட்டாருக்கு அது. பேஸ் கிட்டாரில் பெரும்பாலும் ஓரம் மடித்த ஓர் உலோகத் தகடு. அதன்மேல் கம்பிக்கு ஒன்றாக நான்கு சேடில். ஒவ்வொரு சேடிலுக்கும் உயரத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு பொடி ஸ்க்ரூ, முன்னும் பின்னும் நகர்த்த ஒரு நீள ஸ்க்ரூ, அந்த நீள ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு ஸ்பிரிங். தகட்டைக் கிட்டாரின் பலகையோடு பிடித்துவைக்க ஐந்து ஸ்க்ரூ. நான்கு கம்பியும் சேர்ந்து எழுபது, எண்பது கிலோ பாரத்துக்கு இழுக்கும். ஒரு கனத்த ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

லியோ ஃபெண்டர் 1951இல் கலிஃபோர்னியாவில் இந்த வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது நான்கு கம்பிக்கு இரண்டே சேடில்தான் வைத்திருந்தார். ஒரு கம்பியின் சுருதியைத் திருத்தினால் ஜோடிக் கம்பியின் சுருதி கெடும். 1957இல்தான் கம்பிக்கு ஒரு சேடில் என்று மாற்றினார். ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்க்காரர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். எங்கள் மாஸ்டரும் ரேடியோவில் ஆரம்பித்தவர்தான். அவருக்கும் வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு வித்தியாசம்: ஃபெண்டர் செய்ததைத் திருத்த ஆறு வருஷம் எடுத்துக்கொண்டார். மாஸ்டருக்கு அந்த அவசியம் இதுவரை வந்ததில்லை.

எங்கள் இன்னிசைக் குழுவின் பேஸில் இருந்தது அந்த 1957 தகட்டின் மலிவு நகல். நகல் என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். மூலத்தில் அதிகம் காணக் கிடைக்காத குணங்கள் இதில் உண்டு. முதலாவது பணிவு. சேடிலின் உயரத்தைப் பிடித்துவைக்கிற பொடி ஸ்க்ரூ, பாட்டின் அதிர்வில் தானாகவே இறங்கிக்கொண்டு போகும். பிள்ளையார் பாட்டுக்கு நிமிர்ந்து நிற்கிற ஜி கம்பி, டூயட் வருவதற்குள் கழுத்துப் பலகையின் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டையில் சாஷ்டாங்கமாக விழுந்து கரகரக்கும். இரண்டாவது, ஒளிவுமறைவு இல்லாமை. சேடில்கள் ஜிங்க் வார்ப்பு. மேலே பூசிய குரோம் உரிந்ததும் உள்ளே இருந்த சரக்கு வெள்ளையாகப் பூத்து வெளியே வந்துவிட்டது. ஆடி மாசம் பூராவும் திறந்தவெளி மேடை, விரல் வேர்வை, மேல்மலையனூர் அமாவாசைப் புழுதி, மயிலத்துப் பங்குனி உத்திரத்து வெயில் என்று எதையும் பகைத்துக்கொள்ளாமல் உள்ளே வாங்கிக்கொண்டது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. எங்கள் பேஸைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. கிட்டாரை எப்போதும் தலை மேலே இருக்க, வயிறு கீழே இருக்கத்தானே சாய்ப்போம். ஆகவே தலையில் இருக்கிற டியூனர்கள் தப்பித்தன, பிரிட்ஜ் குளித்தது. காய்ந்த பிறகு பார்த்தால் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகிப்போயிருந்தன, பலகை ஊறித் தளர்ந்திருந்தது. கம்பியின் இழுப்பில் தகட்டின் பின்பக்கம் எழும்பி, போஸ்ட் கார்டு ஒன்று தாராளமாக நுழையும் அளவுக்கு இடைவெளி.

மாஸ்டர் கடையில் பேஸைப் பெஞ்சின் மேல் வைத்தேன். ஒருமுறை பார்த்தார்.

“என்னா தம்பி, ரெண்டு கம்பி அறுந்துடுச்சா?”

“இல்ல மாஸ்டர், இதுக்கு நாலே கம்பிதான்.”

“அப்போ பாதி வேலைதான்” என்றார். கூலியில் மட்டும் பாதி வேலையைக் காட்டவில்லை. முழு மனசோடு இறங்கிவிட்டார் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

இன்ன கருவிக்கு இன்ன வேலை என்று கட்டிப்போடுகிற வழக்கம் அவரிடம் கிடையாது. பொடி ஸ்க்ரூவைத் திருக ஒன்றரை மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். சைக்கிள் கடையில்கூடக் கேட்டால் கொடுப்பார்கள். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்து, அதன் முனையை உள்ளே திணித்து ஒரு திருகு திருகினார். ஆறு மூலையோடு இருந்த பொந்து வட்டமாகிவிட்டது. இனி உலகத்தில் எந்த ஆலன் கீயாலும் அதை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. மேலே சொன்னேனே, பணிவு என்கிற வியாதி, அது அன்றோடு பூரண குணம்.

அடுத்தது சேடில்களின் வரிசை அவர் கண்ணை உறுத்தியது. “யார்ப்பா இதைக் கை வெச்சது? ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால, ஒரு லைனே இல்லியே.” கை வைத்தது நான்தான். அதற்கு நான் ஒரு அசட்டுக் காரணமும் வைத்திருந்தேன். கம்பியை ஃப்ரெட்டில் அழுத்தும்போது அது இழுபட்டுக் கொஞ்சம் சுருதி ஏறுகிறது. தடித்த கம்பிக்கு இந்த ஏற்றம் அதிகம். அதை ஈடுகட்டத்தான் எல்லாவற்றிலும் தடித்த இ கம்பியின் சேடிலைப் பின்னால் தள்ளி, மெல்லிய ஜி கம்பியின் சேடிலை முன்னால் விட்டு, ஏ, டி இரண்டையும் நடுவில் சரிவாக வைப்பார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராகக் கம்பியை விரலால் லேசாகத் தொட்டு எடுத்தால் மணி அடித்ததுபோல் ஒரு நாதம் வரும். அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தாலும் அதே சுரம் வர வேண்டும். அழுத்தி வாசித்தது ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கி ஒலித்தால் முன்னால் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான் சாஸ்திரம். இதற்காக ஒரு மாலைப் பொழுதையே போனில் டியூனரை வைத்துக்கொண்டு நான் கழித்திருந்தேன்.

மாஸ்டர் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். நான்கு சேடிலையும் அதன் விளிம்போடு ஒட்டி ஒரே கோட்டில் நிறுத்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தார். “இப்பதான் லட்சணமா இருக்குது.” சத்தியமான வார்த்தை. போட்டோவில் அத்தனை அழகாக இருக்கும். காதால் சரிபார்க்க வேண்டியதைக் கண்ணாலேயே முடித்துவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சம் என்று பாருங்கள்.

பழைய ஓட்டைகளில் ஸ்க்ரூ பிடிக்கவில்லை. அதற்கெல்லாம் மாஸ்டர் மனம் தளர்கிறவரா? ஓட்டைகளை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவிட்டு, “இங்க மரம் நல்லா இருக்குது” என்று விரலால் தட்டிப் பார்த்து, தகட்டை ஒரு விரல் அகலம் முன்னால் நகர்த்தினார். ஐந்து ஸ்க்ரூ என்பது வெளிநாட்டுக்காரனின் ஆடம்பரம். எங்கோ ஃபால்ஸ் சீலிங் வேலையில் மிஞ்சிய கறுப்பு ஸ்க்ரூ மூன்று போதுமானதாக இருந்தது. சுற்றிலும் எம்-சீல் பூசிக் கட்டை விரலால் வழித்துவிட்டார். அவருடைய ரேகை இன்றும் அதில் தெளிவாக இருக்கிறது. கலைஞன் கையெழுத்துப் போடாமல் விடுவானா?

விரல் அகலம் என்றால் பதினைந்து மில்லிமீட்டர். கழுத்தின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்குகிற நட்டிலிருந்து சேடில் வரை 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்துத்தான் இந்த வகைப் பேஸில் ஃப்ரெட்டுகளைப் பதித்திருப்பார்கள். ஃப்ரெட்டுகளை அங்கேயே விட்டுவிட்டு நீளத்தில் மட்டும் பதினைந்து மில்லிமீட்டரைக் குறைத்தால் என்ன ஆகும்? விரல் வைக்காமல் மீட்டும் கம்பி சரியாகவே ஒலிக்கும். டியூனரும் பச்சை விளக்குக் காட்டும். ஐந்தாவது ஃப்ரெட்டில் அரைக் கட்டையில் பத்தில் ஒரு பங்கு ஏறும். பன்னிரண்டாவதில் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது பல்லவியில் அடக்கம், அனுபல்லவியில் லேசான சலனம், இன்டர்லூடில் பேஸ் மேலே ஏறுகிற இடத்தில் பாடகரே திரும்பிப் பார்க்கும்படியான உற்சாகம். இப்படி ஒரு படிப்படியான வளர்ச்சியை எந்தத் தொழிற்சாலையும் தரவில்லை.

தகட்டைக் கழற்றியபோது அடியிலிருந்து மெல்லிய வயர் ஒன்று எட்டிப் பார்த்தது. “இது எதுக்கு? பிக்கப்புக்கும் போகல, ஸ்பீக்கருக்கும் போகல. சும்மா மொட்டையா முடிஞ்சிருக்குது பாரு.” கத்தரித்துவிட்டார். அது எர்த் வயர். தகட்டின் அடியில் அழுந்தியிருந்து கம்பிகளை எர்த்தோடு சேர்க்கும். வாசிக்கிறவன் கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்குவது அதனால்தான். வெட்டிய பிறகு கை வைத்தாலும் எடுத்தாலும் ஒரே ரீங்காரம். இதில்தான் மாஸ்டரின் ஞானம் முழுசாக வெளிப்பட்டது. நம் மின்சாரத்தின் அலைவரிசை 50 ஹெர்ட்ஸ், அதன் மேல் ஸ்தாயி 100. பேஸின் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். ஆக, ரீங்காரம் கிட்டத்தட்ட ஐந்து கட்டையில், ஒரு கால் ஏற்றி ஒலிக்கிறது. நம் பக்கத்தில் பெண் குரலுக்கு எடுக்கிற சுருதி பெரும்பாலும் ஐந்து, ஐந்தரைக் கட்டை. தம்புராவுக்குத் தனியாக ஆள் போட வேண்டாம், சுருதிப் பெட்டிக்கு பேட்டரி வாங்க வேண்டாம். ஐந்துக்கும் சேராமல் ஐந்தரைக்கும் சேராமல் நிற்பது சின்ன விஷயம். கட்சிகளில் அப்படி நிற்பவர்களை நாம் நடுநிலையாளர் என்று மதிப்பதில்லையா?

கடையில் மேலே ஒரு ஆணியில் புத்தம் புது பிரிட்ஜ் ஒன்று பிளாஸ்டிக் உறை கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கனமான வார்ப்பு. எழுபதுகளில் லியோ குவான் என்ற பெயரில் அமெரிக்காவில் ‘பேட்ஆஸ்’ என்று ஒரு கனத்த பிரிட்ஜ் வந்தது. தகட்டைத் தூக்கியெறிந்துவிட்டு அதை மாட்டினால் நாதம் நீளும் என்று பேஸ்காரர்கள் சொல்ல, இன்றுவரை அந்த வாக்குவாதம் ஓயவில்லை. அந்தச் சாயலில் செய்தது. “இதைப் போட்டுடலாமா மாஸ்டர்?” என்றேன். “அது ஷோவுக்கு. மாட்டுனா கீறல் வுழும்” என்றார். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நின்று ஔவையார் எதையெல்லாம் மெச்சினாரோ அத்தனையும் அந்த ஆணியில் இருந்தது. பளபளப்பு, காப்பு, வடு ஒன்றும் படாத மேனி. எங்களுடையதுதான் கொல்லன் பட்டறையில் கிடந்தது.

மேலும் ஒருவரிடம் காட்டிக் கேட்பது நோயாளியின் உரிமை. திண்டிவனத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற அண்ணன் ஒருவரிடம் போனேன். பதினெட்டு அங்குல சப்-வூஃபர்களை மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்குகிறவர். அந்தப் பெட்டிகள் ஒலித்தால் பந்தல் துணி மூச்சு விடும். பேஸைச் செருகி வாசிக்கச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பேஸ்ல ஏதோ டவுட்டா இருக்குது தம்பி.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவராவது காதால் கேட்கிறாரே! அவர் மிக்ஸரில் ஒரு குமிழை மெதுவாகக் கீழே இழுத்தார்.

“இப்போ?”

“இப்போ கேக்கவே இல்லைங்கண்ணா.”

“அதான்.”

இதைவிடச் சுருக்கமான வைத்தியம் உண்டா? மாஸ்டர் அத்தனை பாடுபட்டுச் செய்ததை அண்ணன் ஒரு விரலால் முடித்தார். சப்-வூஃபர்கள் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். அவற்றுக்கு ரிதம் பேட் இருக்கிறது. “பேஸை கீபோர்டு தம்பியே லெஃப்ட் ஹேண்டுல தட்டிடுவாரு” என்று ஒரு யோசனையும் இலவசமாகக் கொடுத்தார். அருமையான யோசனை. இடது கைக்குப் பிரிட்ஜ் கிடையாது, துரு ஏறாது, வெள்ளம் வந்தால் தானே எழுந்து மாடிக்குப் போய்விடும்.

ரசிகர்களையும் விட்டுவிட முடியாது. எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஒரு ஓரமாகத் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காது. பாடகர் ஒரு வழியில் போனால் அது தனக்கென்று ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு வழியில் போய் முச்சந்தியில் வந்து சேரும். எங்கள் ஜில்லாவில் டீக்கடையில் நின்றுகொண்டே அந்த மெட்டுகளைத் தொண்டையால் வாசித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நோட்டு தவறாது. அதே மனிதர்கள் திருவிழாவில் எங்கள் பேஸ் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு மேலே நின்று அதே மெட்டை இழுத்தபோது, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் விசில் அடித்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்த எங்கள் பேஸ்காரரின் நிற்கும் தோரணை பிரமாதம் என்று ஒருவர் கை கொடுத்துவிட்டும் போனார். இப்படிப்பட்ட பெருந்தன்மை இருக்கிறவரை மாஸ்டர்களுக்கு என்ன குறை?

கற்பனை வறண்டவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். யாரும் தெரியாமல் அப்படிச் செய்துவிடக் கூடாது அல்லவா. முதலில் சேடில்கள் இருக்கிற நிலையைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றிவிட்டு, துரு பிடித்த ஸ்க்ரூக்களில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைப்பார்கள். தளர்ந்த ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி, வலுவான மரக் குச்சியைப் பசை தடவி அடித்து இறக்கி, காயும்வரை சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கிற கலையை மாஸ்டரிடம் எதிர்பார்க்க முடியாது. பிறகு நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து, அதை இரட்டித்து, ஜி கம்பியின் சேடில் எங்கே நிற்க வேண்டும் என்று குறிப்பார்கள். மற்ற சேடில்கள் அங்கிருந்து பின்னால் போக இடம் விடுவார்கள். இரண்டு ஓரக் கம்பிகளும் ஃப்ரெட் பலகையின் இரண்டு விளிம்பிலிருந்தும் சமதூரத்தில் ஓடுகிறதா என்று நூல் பிடித்துப் பார்ப்பார்கள். மெல்லிய டிரில்லில் முன்னோட்ட ஓட்டை, தகட்டின் அடியில் எர்த் வயரின் உரித்த முனை, அப்புறம் ஐந்து ஸ்க்ரூவும். புதுக் கம்பி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. கடைசியாகத்தான் சுருதி பார்த்துச் சேடில்களை நகர்த்துவது. புதுப் பிரிட்ஜே வாங்குவதானாலும் பழையதன் ஸ்க்ரூ ஓட்டைகள் பொருந்துகிறதா, கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள தூரம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குவார்கள். நாலு கம்பிப் பேஸுக்கு அது பெரும்பாலும் 19 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எல்லாம் சேர்ந்தாலும் கைவேலை ஒரு மத்தியானப் பொழுதுதான். முடிந்த பிறகு யார் செய்தார் என்பதற்கு ஒரு அடையாளமும் இருக்காது, ஒரு ரேகைகூட மிஞ்சாது. தொழிலில் இப்படியா பெயர் எடுப்பது?

மாஸ்டர் இதோடு நிற்பதாக இல்லை. பிரிட்ஜ் வேலை முடிந்து பேஸைத் திரும்ப வாங்கப் போன அன்றே அவர் அதை மடியில் கிடத்தி, கழுத்துப் பலகையை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இந்தப் பட்டையெல்லாம் பார்த்தியா? அந்தப் பக்கம் தூரந்தூரமா அடிச்சிருக்கான், இந்தப் பக்கம் வர வர நெருக்கிட்டான். அளவு தெரியாதவன் பண்ண வேலை. எல்லாத்தையும் புடுங்கிட்டு ஒரே இடைவெளியில சமமா அடிச்சுத் தரேன்.”

ஸ்டீல் ஸ்கேலைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறார். ஆடி பிறப்பதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் அமாவாசைக் கச்சேரிக்கு ரெடியாகிவிடுமாம். பழக்கப்பட்ட பிள்ளை என்பதால் அட்வான்ஸ்கூட வேண்டாம் என்கிறார்.